திராட்சையிலையும் காய்கறியும் ஒரே பானையில்: ஈராக்கிய டோல்மா செய்யும் முறை

ஈராக்கிய வீடுகளில் டோல்மாவைக் கரண்டியால் அள்ளிப் பரிமாறும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. வெந்து இறக்கிய பானையின் வாய்மேல் ஒரு பெரிய தாம்பாளத்தை மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரே மூச்சில் தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள். பிறகு பானையை மெல்ல மேலே தூக்கினால், அடியில் கிடந்த ஆட்டு நெஞ்செலும்பு இப்போது உச்சியில் இருக்கும். அதைச் சுற்றிப் பழுப்பேறிய வெங்காயச் சுருள்களும், திராட்சையிலை உருளைகளும், பூரணம் நிரப்பிய கத்திரிக்காயும் குடைமிளகாயும் ஆவி பறக்கக் குவிந்து கிடக்கும். முதன்முறையாகச் செய்பவர்கள் பானை கடைசியில் கவிழப்போகிறது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு படிக்கும் உள்ள காரணம் எளிதாக விளங்கும்.

டோல்மா என்னும் பெயர் துருக்கி மொழியில் ‘நிறைதல்’ என்று பொருள்படும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. துருக்கியர்கள் குடைந்து நிரப்பிய காயை டோல்மா என்றும், இலையில் வைத்துச் சுற்றியதை, ‘சுற்றுதல்’ என்னும் வினையிலிருந்து வந்த சார்மா என்ற பெயரிலும் பிரித்துச் சொல்வார்கள். அரபு நாடுகள் பலவற்றில் பூரணம் வைத்த காய்களுக்கு மஹ்ஷி என்றும், திராட்சையிலை உருளைக்கு ‘வரக் எனப்’ என்றும் பெயர். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு இந்த இரண்டாவது பெயர் பழக்கமாக இருக்கும். கிரேக்கர், அர்மீனியர், ஈரானியர், குர்துகள் என எல்லோரிடமும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. அசர்பைஜானில் டோல்மா செய்து பகிர்ந்துண்ணும் மரபை யுனெஸ்கோ 2017ஆம் ஆண்டு மனிதகுலத்தின் கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இவற்றுள் ஈராக்கிய முறையை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இலையையும் காயையும் தனித்தனியே சமைக்காமல் ஒரே பானையில் அடுக்கி, ஒன்றின் சாறு மற்றொன்றில் இறங்கும்படி செய்வது அவர்களுடைய தனித்தன்மை என்பதுதான்.

வளைகுடாவில் நான் குடியிருந்த கட்டடத்தில் எதிர்வீட்டில் ஓர் ஈராக்கிய அம்மையார் இருந்தார். முதன்முறை அவருக்கு உதவியாக உட்கார்ந்து இலை சுருட்டியபோது, பீடியைப் போல இறுக்கமாகவும் ஒரே கனத்திலும் சுருட்டிப் பெருமையோடு நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பிரித்து, உள்ளேயிருந்த பூரணத்தில் பாதியை வழித்து எடுத்துவிட்டு, மீதியைத் தளர்வாகச் சுருட்டி, இரண்டு விரலால் அழுத்திக் காட்டினார். உருளை கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது. பூரணத்தில் சேர்ப்பது பச்சை அரிசி, அது உள்ளேயே வெந்து பருக்க வேண்டும் என்பதை அந்த அமுங்கலில்தான் புரிந்துகொண்டேன். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் நடக்கிறது. பூரணத்தைத் தளர்வாக வைக்க வேண்டும். ஆனால் பானையில் அடுக்கும்போது நெருக்கமாக அடுக்க வேண்டும். பலர் இதை அப்படியே மாற்றிச் செய்துவிட்டு, இலை வெடித்துவிட்டது, சோறு நறுக்கென்று இருக்கிறது என்று வருந்துகிறார்கள்.

இலையைத் தேடுதல்

ஆறு பேருக்கு முப்பத்தைந்து இலைகள் போதும். சூப்பர் மார்க்கெட்டுகளில் உப்புநீரில் ஊறிய திராட்சையிலை கண்ணாடிப் புட்டிகளில் கிடைக்கும். துருக்கி, கிரேக்கப் பொருள்கள் விற்கும் அலமாரியில் தேடுங்கள். புட்டியிலிருந்து சுருளை உடையாமல் உருவி எடுத்து, குழாய் நீரில் அலசி, கொதிநீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, மறுபடியும் அலசுங்கள். பிறகு ஓர் இலையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். இன்னும் கரித்தால் ஒருமுறை கூடுதலாக ஊறவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், பின்னால் பூரணத்தில் உப்பை எவ்வளவு குறைத்தாலும் பயனிருக்காது.

புதிய இலை கிடைத்தால் சுவை இன்னும் மேல். கொடியின் நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது இலைகள், உள்ளங்கை அகலத்தில், கிழிசல் இல்லாமல், தடவிப்பார்த்தால் மென்மையாக இருப்பவை ஏற்றவை; முற்றிய இலை எவ்வளவு வெந்தாலும் நாராகவே நிற்கும். உப்பிட்ட கொதிநீரில் ஐந்தைந்தாகப் போட்டு, பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு மாறியவுடன், அதாவது ஒன்றிரண்டு நிமிடத்துக்குள், எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் உடனே நினைவுக்கு வரும். ஆனால் பழத்துக்காக வளர்க்கும் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் இலைமேல்தான் மருந்து தெளிக்கிறார்கள். ஆகவே அந்த இலைகளைச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம். வீட்டு முற்றத்திலோ மாடியிலோ மருந்தில்லாமல் படரும் கொடியிலிருந்து மட்டும் பறியுங்கள்.

இலை கிடைக்கவே இல்லையென்றால் முட்டைக்கோஸ் இலை கைகொடுக்கும். ஈராக்கியர்களே குளிர்காலத்தில் முட்டைக்கோஸையும், பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த ‘சில்க்’ என்னும் அகன்ற கீரையையும் இதே பானையில் சேர்ப்பவர்கள்தான்.

வெங்காயமும் காய்களும்

ஈராக்கிய டோல்மாவில் திராட்சையிலையைக் காட்டிலும் முதலில் தீர்ந்துபோவது வெங்காயம். மூன்று பெரிய பல்லாரி வெங்காயத்தை உரித்து, மேலும் கீழும் சீவி, ஒரு பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக நடுப்பகுதி வரை கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். மறுபக்கம் வெட்டுப்படக் கூடாது. உப்பு நீரில் பதினைந்து முதல் இருபது நிமிடம் வேகவிட்டு ஆறவைத்தால், கீறலின் வழியே ஒவ்வோர் அடுக்காகத் தானே கழன்று வரும். ஒரு வெங்காயத்தில் வெளிப்புறத்து நான்கைந்து அடுக்குகள் சுருட்டுவதற்கு ஆகும். உள்ளே மிஞ்சும் குருத்தைப் பொடியாக நறுக்கிப் பூரணத்தில் சேர்த்துவிடலாம். அடுக்குகள் கழல மறுத்தால் பலவந்தம் செய்யாமல் இன்னும் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள்.

கத்திரிக்காயில் விதை முற்றாத சின்னக் காய் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கத்தை மூடிபோல வெட்டி, சிறு கரண்டியின் காம்பாலோ உருளைக்கிழங்கு சீவும் கருவியின் முனையாலோ குடைந்து, அரை சென்டிமீட்டர் சதை நிற்கும்படி விட்டு, உப்பு நீரில் போட்டு வைத்தால் கறுக்காது. குடைமிளகாய் மூன்றுக்கு மேற்பகுதியை வெட்டி விதையை உதறினாலே போதும். கெட்டியான தக்காளி நான்கின் மேற்பகுதியை முழுவதும் வெட்டாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி திறந்து, உள்ளே இருப்பதை வழித்தெடுங்கள். குடைந்தெடுத்த கத்திரிச் சதையையும் தக்காளிச் சாற்றையும் கொட்டிவிட வேண்டாம்; அவை பூரணத்துக்குரியவை.

பூரணம்

நீளமான பாஸ்மதி இதற்குச் சரிப்படாது. சுருளுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல், கடித்தவுடன் உதிர்ந்து விழும். ஈராக்கில் இதற்குக் குட்டையான அல்லது நடுத்தர அரிசியையே எடுக்கிறார்கள். நம் கடைகளில் பொன்னிப் பச்சரிசி நன்றாகப் பொருந்துகிறது. சீரகச் சம்பா மணமாக இருந்தாலும் ஒட்டும் தன்மை சற்றுக் குறைவு என்பது என் அனுபவம். புழுங்கலரிசி வேண்டாம். 400 கிராம் அரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்துவிடுங்கள்.

ஆட்டுக்கறி 300 கிராமைக் கொஞ்சம் கொழுப்போடு கொத்தித் தரச் சொல்லுங்கள். ஈராக்கில் பயன்படுவது கொழுப்பு மிகுந்த செம்மறியாட்டுக் கறி. நம்மூரில் பெரும்பாலும் கிடைக்கும் வெள்ளாட்டுக் கறி வறண்டது என்பதால், கொழுப்பு இல்லையென்றால் எண்ணெயைக் கூட்ட வேண்டியிருக்கும். அகலமான பாத்திரத்தில் அரிசி, பச்சைக் கொத்துக்கறி, நறுக்கிய வெங்காயக் குருத்து, கத்திரிச் சதை, தக்காளிச் சாறு, தட்டிய பூண்டு எட்டுப் பல், தக்காளி விழுது இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, ஒரு கைப்பிடி பார்ஸ்லி, அதில் பாதியளவு சதகுப்பைக் கீரை, உப்பு ஆகியவற்றைச் சேருங்கள். பார்ஸ்லி கிடைக்காத ஊரில் கொத்தமல்லியும் கொஞ்சம் புதினாவும் போடலாம். சுவை வேறு திசைக்குப் போகும் என்றாலும் கெட்டுப்போகாது. மசாலாவுக்கு மிளகு, பட்டை, ஏலக்காய், கிராம்பு, தனியா ஆகியவற்றை வறுத்துப் பொடித்து இரண்டு தேக்கரண்டி போதும். மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் இந்தப் பானைக்கு வேண்டாம். கை சும்மா இராமல் கரம் மசாலா டப்பாவைத் தேடும் என்பது எனக்குத் தெரியும். இந்த உணவில் மணத்தைவிடப் புளிப்பே முன்னால் நிற்க வேண்டும்.

அந்தப் புளிப்புக்கு ஈராக்கியர்கள் மாதுளைப் பாகையோ, எலுமிச்சையையோ, சுமாக் என்னும் செந்நிறப் பழத்தின் சாற்றையோ, புளியையோ சேர்க்கிறார்கள். புளிக்கு அரபியில் தமர் ஹிந்தி, அதாவது ‘இந்தியப் பேரீச்சை’ என்று பெயர். ஆங்கிலத்தில் புளிக்கு வழங்கும் டாமரிண்ட் என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது. ஆகவே நம் வீட்டுப் புளியைக் கரைத்து ஊற்றுவது டோல்மாவை நாம் வளைத்துக்கொள்வதாகாது. மாதுளைப் பாகு வேண்டுமென்றால் ஒரு லிட்டர் மாதுளைச் சாற்றில் கொஞ்சம் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் விட்டு, சிறுதீயில் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுண்டும்வரை காய்ச்சினால் வீட்டிலேயே கிடைத்துவிடும். பூரணத்தில் இரண்டு மேசைக்கரண்டி பாகும் ஓர் எலுமிச்சையின் சாறும் சேர்த்துக் கையால் பிசையாமல் புரட்டிக் கலந்துவிடுங்கள். பச்சைக் கறி இருப்பதால் பூரணத்தை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு கரண்டி அளவை சட்டியில் சிறிது நீர் தெளித்து வேகவைத்து உப்பும் புளிப்பும் பாருங்கள். இந்த நிலையில் இரண்டும் ஒரு பிடி தூக்கலாக இருந்தால்தான் காயில் இறங்கிய பின் அளவாக இருக்கும்.

சுருட்டுதலும் நிரப்புதலும்

இலையின் பளபளப்பான பக்கம் தட்டில் படும்படியும், நரம்பு புடைத்த பக்கம் உங்களைப் பார்க்கும்படியும் விரித்து வையுங்கள்; காம்பை ஒட்ட நறுக்கிவிடுங்கள். காம்பு இருந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு தேக்கரண்டி பூரணத்தைச் சுண்டுவிரல் நீளத்துக்குப் பரப்பி, கீழே இருக்கும் இரண்டு மடல்களை அதன்மேல் மடித்து, பக்கங்களை உள்ளே தள்ளி, நுனியை நோக்கிச் சுருட்டுங்கள். இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள்; கொஞ்சம் அமுங்க வேண்டும். கிழிந்த இலைகளை எறியாமல் ஒதுக்கி வையுங்கள். பானையின் மேற்பரப்பை மூட அவை உதவும்.

வெங்காய அடுக்கில் ஒரு மேசைக்கரண்டி வைத்தால் அது தானாகவே தன் பழைய வளைவுக்குத் திரும்பிச் சுருண்டுகொள்ளும். ஓரம் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலே போதும். காய்களை முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்பி, விரலால் அழுத்தாமல், வெட்டிய மூடியை மேலே வையுங்கள். முப்பத்தைந்து இலை சுருட்டத் தனியாளாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஈராக்கிய வீடுகளில் விடுமுறை நாள்களில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே சுருட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் வீட்டில் இருப்பவர்களைக் கூட்டி உட்காரவைத்துக்கொள்ளலாம்.

பானையை அடுக்குதல்

அடிகனமான, வாயும் அடியும் ஒரே அகலமான பாத்திரம் வேண்டும். கழுத்து குறுகிய பானையிலிருந்து எதுவும் முழுசாகக் கவிழாது. அரைக்கிலோ ஆட்டு நெஞ்செலும்பைச் சிவக்க வதக்கி, குக்கரில் உப்போடு மூன்று விசில் விட்டு முக்கால் வேக்காடாக எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாட்டெலும்பு பானையில் மட்டும் வெந்தால் போதாது. அந்தச் சாற்றைப் பத்திரமாக வையுங்கள். பாத்திரத்தின் அடியில் எண்ணெய் தடவி எலும்புகளைப் பரப்புங்கள். ஈராக்கில் பச்சைப் பாகலா மொச்சை வரும் பருவத்தில் அதையும் அடியில் போடுவதுண்டு. சைவமாகச் செய்பவர்கள் வட்டமாக வெட்டிய உருளைக்கிழங்கை வைக்கலாம். அடிப்பிடித்தாலும் அது பிடிக்குமே தவிரச் சுருள்கள் கருகாது.

எலும்பின்மேல் வெங்காயச் சுருள்கள் வர வேண்டும். அடிச்சூட்டில் அவற்றின் இனிப்பு வெளிப்பட்டு ஓரம் பழுப்பேறும். பானை கவிழ்ந்ததும் முகப்பாக நிற்பதும் அவைதான். அதன்மேல் கத்திரிக்காயும் குடைமிளகாயும் வாய் மேலே பார்த்து நிற்கட்டும். இடையிலுள்ள சந்துகளிலும் அதற்கு மேலும் இலை உருளைகளை, மடிப்புமுனை கீழே இருக்கும்படி, ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குங்கள். விரைவில் குழையும் தக்காளிக்கு இடம் உச்சியில். ஒதுக்கி வைத்த கிழிந்த இலைகளால் மூடி, அதன்மேல் பானைக்குள் அடங்கும் பீங்கான் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். கொதி வரும்போது உருளைகள் மிதந்து பிரிந்துவிடாமல் இந்தத் தட்டுதான் அழுத்திப் பிடிக்கும்.

எலுமிச்சை அளவு புளியின் கரைசல், ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுது, எலும்புச் சாறு எல்லாம் சேர்ந்து மூன்று டம்ளர், அதாவது ஏறத்தாழ 600 மில்லி, வருமாறு கலந்து ஓரமாக ஊற்றுங்கள். அடுக்கின் முக்கால் உயரத்துக்கு நீர் நின்றால் போதும், காய்கள் தம் பங்குக்கு நீர்விடும். மூழ்க ஊற்றினால் டோல்மா குழம்பாகிவிடும்.

வேகவைத்தலும் கவிழ்த்தலும்

முதலில் பெருந்தீயில் கொதி வந்து பத்து நிமிடம் ஆகட்டும்; பிறகு மூடி போட்டு, தளதளவென்று சத்தம் மட்டும் கேட்கும் சிறுதீயில் ஒரு மணி முதல் ஒன்றே கால் மணி நேரம் விடுங்கள். நடுவில் கிளறக் கூடாது. குக்கரில் மொத்தத்தையும் போட்டு விசில் விடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அழுத்தத்தில் இலை பிய்ந்துபோகும், திறந்து பார்த்துச் சரிசெய்யவும் வழியிராது. ஒரு மணி நேரம் கழித்துத் தட்டை விலக்கி மேலேயிருந்து ஓர் இலை உருளையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். இலை நூலாக இழுக்காமல் பல்லுக்கு உடனே விட்டுக்கொடுத்து, அரிசியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாமல் இருந்தால் வெந்துவிட்டது. அரிசி வேகாமல் நீர் வற்றியிருந்தால் அரை டம்ளர் கொதிநீரை ஓரமாக விடுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

இறக்கியதும் இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். பசியோடு காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்து இதை மட்டும் குறைத்துவிடாதீர்கள், ஏனென்றால் சூட்டோடு கவிழ்த்தால் உருளைகள் பிரியும். அடியில் நீர் மிச்சமிருந்தால் தட்டைப் பிடித்துக்கொண்டு பானையைச் சாய்த்து ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, தட்டை எடுத்து, பானையைவிட ஒரு சாண் அகலமான தாம்பாளத்தை வைத்து, கைப்பிடித் துணியோடு இருபக்கமும் பற்றி, தயங்காமல் திருப்புங்கள். உடனே தூக்கிவிடாமல் பானையின் முதுகில் நாலு தட்டுத் தட்டி, ஐந்து நிமிடம் கழித்து உயர்த்துங்கள். கொஞ்சம் சரிந்தாலும் கவலையில்லை. கையால் எடுத்துண்ணும் உணவுதானே. கெட்டித் தயிர், ரொட்டி, வினிகரில் போட்ட காய் ஊறுகாய் ஆகியவற்றோடு பரிமாறுங்கள். வடித்து வைத்த சாற்றை வேண்டியவர்கள் மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

கறி இல்லாமல் செய்ய

துருக்கியில் கறியில்லாத டோல்மாவுக்கு ‘யாலான்ஜி’, அதாவது ‘பொய்க்காரன்’ என்று பெயர். வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் நிறைய வதக்கி, அரிசியோடு பைன் விதை, சின்ன உலர் திராட்சை, புதினா, சதகுப்பை சேர்த்து, ஆறிய பிறகே எலுமிச்சை பிழிந்து உண்பார்கள். அர்மீனியர்கள் தவக்காலத்தில் கொண்டைக்கடலை, பயறு, பீன்ஸ் விதை, கோதுமை நொய் ஆகியவற்றை முட்டைக்கோஸ் இலையில் சுற்றுகிறார்கள். நம் வீட்டுக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன். கறி இல்லாத குறையைக் கடலை ஈடுசெய்கிறது, பைன் விதையின் விலையும் மிச்சம். இந்தியாவிலும் இந்த உணவுக்குப் பழைய வேர் ஒன்று உண்டு: பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கொல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதர்கள், காய்களில் அரிசியும் கோழிக்கறியும் புதினாவும் நிரப்பி இனிப்பும் புளிப்புமாக வேகவைத்ததை ‘மஹாஷா’ என்று அழைத்தார்கள்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். கறியும் சோறும் சேர்ந்தது என்பதால் இரவு முழுவதும் மேசையில் விடக் கூடாது. மறுநாள் இட்லிப் பானைத் தட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஆவியில் சுடவைத்தால் உருளைகள் உடையாமல் பழைய மென்மைக்கு வந்துவிடும். புளிப்பு இரவோடு இரவாக இலைக்குள் இறங்கியிருக்கும் என்பதால், எங்கள் வீட்டில் சிலர் முதல் நாள் குறைவாகவே உண்டு, மறுநாளுக்கென்று வெங்காயச் சுருள்களை ஒளித்து வைப்பதும் நடக்கிறது.